சிண்டிகேட் போட்டால் எங்கே போய்ச் சொல்வது? நெல்லைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீடு கட்டுகிறவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், பஞ்சாயத்து டெண்டர் எடுப்பவர் என்று யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரு கட்டத்தில் "எல்லாரும் சிண்டிகேட் போட்டுட்டாங்க" என்ற வார்த்தை வந்துவிடும். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்தும் விடும். புகார் செய்ய ஒரு இடம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அது டெல்லியில் பெரிய கம்பெனிகள் மோதிக்கொள்ளும் இடம், நமக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

சட்டத்தின் பெயர் போட்டிச் சட்டம், 2002. அதை நடத்துவது இந்தியப் போட்டி ஆணையம், சுருக்கமாக சி.சி.ஐ. தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் தென் மாநிலங்களுக்காகச் சென்னையில் ஒரு மண்டல அலுவலகம் வைத்திருக்கிறார்கள். 1969-இல் வந்த எம்.ஆர்.டி.பி. என்ற பழைய ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. முக்கியமான பிரிவுகள் 2009 மே மாதத்திலிருந்துதான் அமலில் இருக்கின்றன.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி பெரிதாக இருப்பது இந்தச் சட்டத்தில் குற்றமில்லை. மார்க்கெட்டில் ஒரே ஆளாக இருப்பதும் குற்றமில்லை. அந்த நிலையை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. "அப்படியென்றால் டாஸ்மாக் மேல் போடலாமா?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். தனியாக விற்பதற்காக மட்டும் போட முடியாது. ஆனால் அரசு நிறுவனம் என்பதால் மட்டும் யாரும் தப்பிவிடவும் முடியாது. கோல் இந்தியா நிறுவனத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதல் படி: நடந்தது எந்த வகை என்று பாருங்கள்

புகார்கள் தோற்பதற்குப் பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது. "ஏகபோகம் செய்கிறார்கள், நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதினால் ஆணையத்தால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பிரிவில் வரும் தவறு என்று உங்களுக்கே முதலில் தெளிவு வேண்டும்.

முதல் வகை, ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி முடிவெடுப்பது. விலையை ஒன்றாக ஏற்றுவது, சரக்கைக் குறைத்து விடுவது, ஏரியா பிரித்துக்கொள்வது, டெண்டரில் யார் எடுப்பது என்று முன்கூட்டியே பேசிவைப்பது எல்லாம் இதில் அடங்கும். சட்டத்தில் பிரிவு 3(3). நம் ஊரில் சிண்டிகேட் என்று சொல்வது இதைத்தான். ராதாபுரம் பக்கம் கல் உடைத்து ஜல்லி விற்கும் ஒரு கிரஷரில் நடப்பதாக ஒரு பேச்சைக் கற்பனை செய்து பாருங்கள். ஒப்பந்தக்காரர் கேட்கிறார்:

"என்ன அண்ணாச்சி, போன வாரம் ஒரு ரேட்டு, இன்னைக்கு ஒரு ரேட்டு சொல்லுதிய?"

"நான் மட்டுமா ஏத்துனேன்? ஞாயித்துக்கெழம மீட்டிங் போட்டு எல்லாரும் சேந்து முடிவு பண்ணியாச்சுல்லா. கொறச்சுக் குடுத்தா லோடு ஏத்த விடமாட்டாங்க."

அண்ணாச்சி சாதாரணமாகச் சொன்ன இந்தப் பதிலில் வழக்குக்கு வேண்டியது முழுக்க இருக்கிறது. கூட்டம் நடந்திருக்கிறது, அதுவும் குறிப்பிட்ட ஒரு நாளில். விலையைச் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். மீறினால் என்ன ஆகும் என்பதும் பேசப்பட்டிருக்கிறது. இப்படி உடன்பாடு ஒன்று இருந்தது என்று காட்டிவிட்டால், அதனால் சந்தைக்குக் கேடு என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். கேடு இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை.

விலை ஒன்றாக இருப்பது மட்டும் போதாது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அரிசி கோடவுன்களில் பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு இந்திய உணவுக் கழகம் 2009-இல் டெண்டர் விட்டபோது, மூன்று கம்பெனிகள் கிலோவுக்கு 388 ரூபாய் என்று ஒரு ரூபாய்கூட மாறாமல் எழுதியிருந்தன. அது சதிதான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்த ஆண்டே, கேஸ் சிலிண்டர் தயாரிப்பாளர்கள் ஏறத்தாழ ஒரே விலை எழுதிய வழக்கில் அதே நீதிமன்றம் ஆணையத்தின் முடிவைத் தள்ளுபடி செய்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய எண்ணெய் நிறுவனங்கள்தான் வாங்குகின்றன, விலையின் போக்கு எல்லோருக்கும் தெரியும்; அந்தச் சந்தையின் அமைப்பே விலையை ஒன்றாக்கிவிடும் என்பது அங்கே எடுபட்டது. ஆகவே விலைக்குப் பின்னால் வேறு நியாயமான காரணம் இருக்கிறதா என்று எதிர்த்தரப்பு கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2025-இல் கனிமவளம் உள்ள நிலத்துக்கான வரி நடைமுறைக்கு வந்தபோது குவாரிக்காரர்கள் எல்லோருக்கும் செலவு சேர்ந்தே ஏறியது. அந்தச் சமயத்தில் ஜல்லி விலை ஒன்றாக ஏறியதை மட்டும் வைத்துச் சதி என்று சொன்னால் நிற்காது.

இரண்டாவது வகை, கம்பெனி தன் டீலருக்கோ டீலர் தன்னிடம் வாங்குபவருக்கோ போடும் கட்டுப்பாடு. பிரிவு 3(4). பிசான சாகுபடி சமயத்தில் யூரியா கேட்டுப் போனால் "கூட இந்த நுண்ணூட்டத்தையும் வாங்கினாத்தான்" என்று சொல்லும் பழக்கம் விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றை வாங்க இன்னொன்றைக் கட்டாயமாக்கும் இந்த முறையைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்த விலைக்குக் கீழே விற்காதே, இன்னொரு கம்பெனி சரக்கை வைக்காதே என்பதெல்லாம் இதே குடும்பம். டீலர்கள் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியதற்காக மாருதி நிறுவனத்துக்கு 2021-இல் ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்த வகையில் சந்தைக்குக் கேடு நடந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். ஊகம் நமக்குச் சாதகமாக இல்லை.

மூன்றாவது, ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது. பிரிவு 4. இதற்கு நம் சீமையைவிட நல்ல உதாரணம் வேறெங்கும் கிடைக்காது. 1906-இல் ஒட்டப்பிடாரம் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடி கொழும்புத் தடத்தில் கப்பல் விட்டார். அன்று தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. அதுவரை அந்தத் தடத்தைத் தன் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு போகிறோம், குடையும் தருகிறோம் என்ற அளவுக்குப் போனது. போட்டியாளரை ஒழிப்பதற்காக அடக்கவிலைக்கும் கீழே விற்பது இன்றைய சட்டப்படி நேரடியான குற்றம். அன்று அப்படி ஒரு சட்டம் இல்லை.

ஆனால் இந்தக் கதையை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடாதீர்கள். ஜியோ இலவசமாகக் கொடுத்தபோது ஏர்டெல் புகார் செய்தது. 2017-இல் ஆணையம் அதை முடித்து வைத்துவிட்டது. ஜியோ அப்போதுதான் சந்தைக்குள் வந்தது, அது ஆதிக்கத்தில் இல்லை என்பது காரணம். ஏற்கெனவே கோலோச்சுகிறவர் விலையைத் தரைமட்டமாக்கினால்தான் பிரிவு 4. புதிதாக வருகிறவர் கொடுக்கும் ஆஃபர் எவ்வளவு எரிச்சல் தந்தாலும் அது போட்டிதான். டவுனில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட் மேல் கோபத்தில் இருக்கும் மளிகைக்கடைக்காரர்களுக்கு இது கசக்கும். என்ன செய்ய, சட்டம் வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்க்கிறது.

இரண்டாம் படி: சரியான வாசலா?

போட்டி ஆணையத்துக்கு எழுதப்படும் பல புகார்கள் உண்மையில் வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டியவை. எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் அது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. பொருள் பழுது, சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யலாம். உங்கள் சிறு தொழிலுக்கு வர வேண்டிய பணத்தைப் பெரிய கம்பெனி 45 நாள் தாண்டியும் இழுத்தடித்தால், உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருக்கிற பட்சத்தில், எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) துறையின் இணையதளத்தில் முறையிடலாம். ஒரே ஒரு உரக்கடைக்காரர் யூரியாவோடு வேறு எதையோ தலையில் கட்டினால் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போவதுதான் வேகமான வழி. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் அவர்களுக்கே அதிகாரம் உண்டு. அதையே ஒரு கம்பெனி தன் டீலர்கள் எல்லோர் மேலும் திணிக்கிறது என்றால் அப்போது போட்டி ஆணையம்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆணையம் தவறை நிறுத்தச் சொல்லும், அபராதம் போடும். அபராதம் அரசுக்குப் போகும். உங்கள் நஷ்டத்துக்கு ஈடு வேண்டுமென்றால், தவறு நடந்தது என்று முடிவான பிறகு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். ஆறு மாதத்தில் கையில் காசு வேண்டும் என்பவருக்கு இது ஏற்ற வழியில்லை.

மூன்றாம் படி: ஆதாரம் சேர்ப்பது

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் டெல்லியில் இல்லை, இங்கே நீங்கள் எழுதிவைக்கும் நோட்டில்தான் என்பது என் கருத்து. எவ்வளவு நல்ல வக்கீல் வைத்தாலும் நோட்டில் இல்லாததை அவரால் உண்டாக்க முடியாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு வரியிலும் தேதி, யாரிடம் கேட்டீர்கள், என்ன பொருள், என்ன விலை. பொருளைத் துல்லியமாக எழுத வேண்டும். வெறுமனே ஜல்லி என்று எழுதினால் பயனில்லை, 20 எம்.எம். ஜல்லியா, 40 எம்.எம். ஜல்லியா, எம்-சாண்டா, பி-சாண்டா என்று இருக்க வேண்டும். யூனிட் விலை தனி, ஜி.எஸ்.டி. தனி, லாரி வாடகை தனி. வள்ளியூரில் இறக்கிய விலையையும் களக்காட்டில் இறக்கிய விலையையும் வாடகையோடு சேர்த்து ஒப்பிட்டால் கணக்கே தப்பாகிவிடும். குவாரி விலைகள் ஒன்றாக இருக்கின்றனவா என்பதுதான் நமக்கு வேண்டியது. விலை ஏறிய நாளுக்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு, நான்கைந்து இடங்களில் விசாரித்த விலைகள் இருந்தால் படம் தெளிவாகிவிடும். பில்லும் கொட்டேஷனும் கட்டாயம் வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கேதான் கால் தடுக்கும்.

விலை நோட்டு பாதி ஆதாரம். மீதிப் பாதி, பேசிவைத்துக்கொண்டார்கள் என்பதற்கான சான்று. சங்கத்தின் சுற்றறிக்கை, புதிய விலைப்பட்டியல், நாளிதழில் வந்த "சங்கக் கூட்டத்தில் விலை உயர்வு தீர்மானம்" செய்தி எல்லாமே உதவும். ஆச்சரியம் என்னவென்றால் சில சங்கங்கள் இதைத் தாங்களே போஸ்டர் அடித்து ஒட்டுகின்றன. தவறு என்றே அவர்களுக்குத் தெரியாது. போட்டோ எடுத்து வையுங்கள், எந்த ஊரில் எந்தச் சுவரில் என்ற குறிப்போடு. வாட்ஸாப் குழுவில் வந்த தகவல் என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து, போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் உண்டு, பழைய 65-பி தான் அது. அதையும் சேர்த்து வைத்தால் பின்னால் வாதம் வராது. நீங்கள் இல்லாத குழுவுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தோ அடுத்தவர் போனைத் திறந்தோ எடுக்க வேண்டாம். வழக்கைவிடப் பெரிய வம்பு அதில் வரும்.

டெண்டர் விவகாரம் என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேளுங்கள். ஒரு டெண்டரை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகளின் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே நான்கு பேர், ஆளுக்கொரு முறை மாறி மாறி எடுக்கிறார்களா? தோற்கிறவர் ஒவ்வொரு முறையும் மதிப்பீட்டுக்கு மேலே ஒரே சதவீதம் வைத்துத் தோற்கிறாரா? தோற்றவருக்கே துணை ஒப்பந்தம் போகிறதா? இரண்டு பேர் படிவத்தில் ஒரே எழுத்துப் பிழை இருக்கிறதா, வைப்புத்தொகைக்கு எடுத்த டிடிக்கள் ஒரே கிளையில் அடுத்தடுத்த எண்ணா? இந்தச் சின்னச் சின்ன அடையாளங்கள்தான் டெண்டர் சதியைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காம் படி: சந்தை எது என்று சொல்லுங்கள்

ஆதிக்கம் பற்றிய புகாரில் இது இல்லாமல் முடியாது. எந்தப் பொருளின், எந்த நிலப்பரப்பின் சந்தை என்று வரையறுக்க வேண்டும். ஜல்லி கனமான சரக்கு, தூரம் போகப் போக வாடகை விலையைத் தின்றுவிடும். ஆகவே அதன் சந்தை சிறியது. மருந்தின் சந்தை அப்படி இல்லை. இத்தனை சதவீதம் பங்கு இருந்தால் ஆதிக்கம் என்று சட்டத்தில் கோடு எதுவும் போடவில்லை. பங்கு, பண பலம், வாங்குபவருக்கு வேறு வழி உண்டா, புதியவர் நுழைய முடியுமா என்று பலவற்றையும் பார்க்கிறார்கள். கார் கம்பெனிகள் உதிரிபாகங்களை வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த வழக்கில், ஒவ்வொரு கம்பெனியும் அதனதன் உதிரிபாகச் சந்தையில் ஆதிக்கத்தில் இருக்கிறது என்று ஆணையம் எடுத்துக்கொண்டு, 2014-இல் 14 கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. கார் சந்தையில் சின்னப் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகூட அதில் தப்பவில்லை. சந்தையை எப்படி வரையறுக்கிறோம் என்பதில் அவ்வளவு இருக்கிறது.

ஐந்தாம் படி: எழுதி அனுப்புவது

சட்டத்தின் மொழியில் இது புகார் இல்லை, "தகவல்". நீங்கள் தகவல் அளிப்பவர். பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, யாரும் கொடுக்கலாம் என்று ஓலா, ஊபர் பற்றிய வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நுகர்வோர் அமைப்பும் வணிகர் சங்கமும்கூடக் கொடுக்கலாம். அமேசான், ஃபிளிப்கார்ட் மேல் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவானது டெல்லியிலுள்ள ஒரு வியாபாரிகள் சங்கம் கொடுத்த தகவலின் பேரில்தான்.

கட்டணம் தனிநபருக்கும் நுகர்வோர் அமைப்புக்கும் 5,000 ரூபாய். நிறுவனங்களுக்கு விற்றுமுதலைப் பொறுத்துக் கூடும். அனுப்புகிற அன்று ஆணையத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த 5,000 தான் பலரைத் தயங்க வைக்கிறது. நான்கைந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். கட்டணம் கட்டாமல் வெறும் கடிதமாகவும் எழுதலாம். ஆணையம் விரும்பினால் தானாகவே முன்வந்து எடுத்துக்கொள்ளும், ஆனால் அது அவர்கள் விருப்பம்.

தகவலில் இருக்க வேண்டியவை: யார், யாருக்கு எதிராக, நடந்தது என்ன, தேதி வரிசையில், எந்தப் பிரிவு மீறப்பட்டது, ஆதாரங்களின் பட்டியல், என்ன பரிகாரம் வேண்டும், இதே தரப்புகளுக்குள் வேறு எங்காவது வழக்கு நடக்கிறதா என்ற விவரம். கடைசி விஷயத்தை மறைக்காதீர்கள். பொய்த் தகவலுக்கு 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. தமிழ் பில்கள், சுற்றறிக்கைகளை அப்படியே வைத்து ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். நடை உணர்ச்சிவசப்படாமல் இருக்கட்டும். "பகல் கொள்ளை" என்று எழுதுகிற இடத்தில் பில் எண்ணை எழுதினால் அதற்குத்தான் மதிப்பு.

காலக்கெடு இப்போது உண்டு. 2023 திருத்தத்துக்குப் பிறகு, தவறு நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம், அதை நம்பி உட்கார வேண்டாம்.

ஊரில் முகத்தில் முழிக்க வேண்டுமே என்ற பயம் நியாயமானது. உங்கள் அடையாளத்தை ரகசியமாக வைக்கும்படி எழுத்தில் கேட்டால் ஆணையம் அப்படியே வைக்கும். ஆனால் இணைத்திருக்கும் பில்லில் உங்கள் கடைப் பெயர் பளிச்சென்று இருந்தால் எதிர்த்தரப்பு கண்டுபிடித்துவிடும். எதை இணைப்பது என்பதை அந்தக் கண்ணோடும் ஒருமுறை பாருங்கள்.

வக்கீல் இல்லாமலும் போகலாம். சட்டப்படி நீங்களே ஆஜராகலாம், அல்லது உங்கள் ஆடிட்டரையோ கம்பெனி செக்ரட்டரியையோ அனுப்பலாம். ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கும் ஆடிட்டருக்கு உங்கள் விலை விவரம் ஏற்கெனவே தெரியும் என்பதால் முதல் வரைவுக்கு அவர் நல்ல துணை. அதற்கு முன் ஆணையத்தின் இணையதளத்தில் பழைய உத்தரவுகளைத் தேடிப் படியுங்கள். ஒரே மாதிரியான விவகாரத்தில் முன்பே முடிவு சொல்லியிருந்தால் புதிதாக விசாரிக்க மறுக்க அவர்களுக்கு இப்போது அதிகாரம் இருக்கிறது.

ஆறாம் படி: அனுப்பிய பிறகு

முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் ஆணையம் முதலில் பார்க்கும். இல்லையென்றால் அதோடு முடித்துவிடும். நீங்கள் 60 நாளுக்குள் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இருந்தால் தலைமை இயக்குநர் என்ற விசாரணைப் பிரிவுக்கு அனுப்பும். அவர்கள் ஆவணம் கேட்பார்கள், வாக்குமூலம் வாங்குவார்கள், தேவையானால் நீதிமன்ற அனுமதியோடு சோதனையும் நடத்துவார்கள். அறிக்கை வந்தபின் இரு தரப்பையும் கேட்டு உத்தரவு. அபராதம் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி விற்றுமுதலில் 10 சதவீதம் வரை போகலாம்; சிண்டிகேட் என்றால் லாபத்தின் மூன்று மடங்கு வரை.

எவ்வளவு காலம் ஆகும்? சிமெண்ட் வழக்கைப் பாருங்கள், நமக்கு மிக அருகில் உள்ளது. கட்டுமானத் தொழிலாளிகளை வைத்து வேலை செய்யும் பில்டர்களின் அகில இந்திய சங்கம் 2010-இல் தகவல் கொடுத்தது. 2012 ஜூனில் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு மொத்தம் 6,300 கோடிக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. தாழையூத்து சங்கர்நகரில் 1949-இல் ஆலை தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் அதில் ஒன்று. அதன் பங்கு சுமார் 187 கோடி. உற்பத்தியாளர் சங்கக் கூட்டங்களில் விலைத் தகவலைப் பகிர்ந்துகொண்டார்கள், ஆலைகளை முழுத் திறனுக்கு ஓட்டாமல் வரத்தைக் குறைத்தார்கள் என்பவை முடிவுக்கான காரணங்களில் முக்கியமானவை. 2015-இல் அப்போதிருந்த போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஏன் தெரியுமா? வாதங்களைக் கேட்காத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். 2016-இல் மறுபடி விசாரித்து மறுபடி அபராதம். 2018-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. பிறகு உச்ச நீதிமன்றம். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இந்தத் தேதிகளைத் தெரிந்துகொண்டு வாருங்கள். அவசரம் என்றால் இடைக்காலத் தடை கேட்கலாம். அதற்கு ஆதாரம் இன்னும் பலமாக இருக்க வேண்டும்.

இதே ஆலை இப்போது கைமாறிவிட்டது. அல்ட்ராடெக் நிறுவனம் இந்தியா சிமெண்ட்ஸை வாங்க 2024 டிசம்பரில் ஆணையம் ஒப்புதல் அளித்தது. பெரிய இணைப்புகளை முன்கூட்டியே பார்த்து அனுமதிப்பதும் மறுப்பதும் அவர்களுடைய இன்னொரு வேலை. சிக்கலான இணைப்பு என்று தோன்றினால் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு விளம்பரம் வரும். அதற்கு மிகக் குறைந்த நாட்களே தருவார்கள். மூட்டை விலை உங்கள் தொழிலைப் பாதிக்கும் என்றால் அந்த விளம்பரங்களைக் கவனிப்பது பயனுள்ளது. அதுபோலச் சட்ட வரைவுகளுக்கும் கருத்துச் சொல்லலாம். பெரிய டிஜிட்டல் நிறுவனங்களுக்கான போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் அப்படித்தான் பொதுவில் வைக்கப்பட்டது. கருத்து அனுப்புகிறவர்களில் பெரிய கம்பெனிகளின் சட்டப் பிரிவுகள்தான் அதிகம் இருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு விநியோகஸ்தர், எந்த ஷரத்து தன் கடையை எப்படித் தொடுகிறது என்று ஒரு பக்கம் எழுதினாலும் அது கோப்பில் சேரும்.

சங்கத்தில் இருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை வணிகர்கள் தவறாமல் படிக்க வேண்டும். சின்னவர்கள் கூடிச் செய்தால் தப்பில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. மருந்துத் துறையில் இது நன்றாகத் தெரியும். ஒரு கம்பெனி புதிய ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விநியோகஸ்தர்) போட வேண்டுமென்றால் சங்கத்திடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற என்.ஓ.சி. கடிதம் வாங்க வேண்டும் என்பது பல மாநிலங்களில் எழுதப்படாத விதியாக இருந்தது. இது போட்டியைத் தடுக்கிறது என்று ஆணையம் திரும்பத் திரும்ப முடிவு செய்தது. 2013-இல் அகில இந்திய மருந்து வணிகர் சங்கத்துக்கும் அபராதம் விழுந்தது. ஹைகிரவுண்ட் பக்கம் ஸ்டாக்கிஸ்ட் எடுக்கப் போகிற ஒரு இளைஞரிடம் இன்றைக்கு யாராவது அந்தக் கடிதம் கேட்டால், வாய்வார்த்தையாகக் கேட்டதை எழுத்தில் தரச் சொல்லட்டும். பெரும்பாலும் அங்கேயே விஷயம் முடிந்துவிடும்.

சங்கம் வைப்பது தவறில்லை. ஜி.எஸ்.டி. பிரச்சினைக்கு மனுக் கொடுப்பது, கலெக்டரைப் பார்ப்பது, கடைவாடகைக்காகப் போராடுவது எதிலும் தடையில்லை. விலை, கமிஷன், யாருக்குச் சரக்குக் கொடுப்பது, எந்தக் கம்பெனியைப் புறக்கணிப்பது என்ற பேச்சு வரும்போதுதான் ஆபத்து. அப்படிப் பேச்சு எடுத்தால் "இதில் எனக்கு உடன்பாடில்லை" என்று சொல்லி, மினிட் புத்தகத்தில் அதைப் பதியச் செய்து, எழுந்து வந்துவிடுங்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் சம்மதித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பொறுப்பாளர்கள் மேல் தனிப்பட்ட முறையிலும் அபராதம் விழுந்திருக்கிறது.

ஏற்கெனவே சிண்டிகேட்டுக்குள் மாட்டிக்கொண்டவருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஆணையத்திடம் முதலில் போய் முழு உண்மையையும் ஆதாரத்தோடு சொல்கிறவருக்கு அபராதம் 100 சதவீதம் வரை தள்ளுபடியாகலாம். இரண்டாவது ஆளுக்கு 50 வரை, மூன்றாவது ஆளுக்கு 30 வரை. பீர் கம்பெனிகள் சேர்ந்து விலை வைத்த விவகாரம் 2021-இல் 870 கோடிக்கும் மேலான அபராதத்தில் முடிந்தது. உள்ளே இருந்த ஒரு கம்பெனியே முதலில் போய்ச் சொன்னதால்தான் அது வெளியே வந்தது, அந்தக் கம்பெனிக்கு அபராதம் இல்லை. ஆகவே உங்கள் கூட்டத்தில் உங்களுக்கு முன்னால் இன்னொருவர் போய்விட்டால் சலுகை பாதியாகிவிடும். முழு விண்ணப்பம் தயாராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரிசையில் இடம் பிடிக்கச் சுருக்கமான விவரத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம், நேரில் வாய்மொழியாகவும் சொல்லலாம். இடம் கிடைத்தபின் அவர்கள் தரும் கெடுவுக்குள் எழுத்து மூலமான விண்ணப்பமும் ஆவணங்களும் போய்ச் சேர வேண்டும், அன்றோடு சிண்டிகேட்டில் பங்கெடுப்பதையும் நிறுத்தியிருக்க வேண்டும்.